62 ஆட்டம் ஜெயித்த அணி, 4 ஆட்டம் தொடர்ந்து தோற்றது எப்படி?

என் அக்கா மகன் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கிறான். டொராண்டோவுக்குக் குடிபோன அவனுடைய பெரியப்பா ஒரு தடவை அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணியான டாம்பா பே லைட்னிங்கின் நீலச் சட்டையை அனுப்பிவைத்தார். அன்றிலிருந்து அவனுக்கு ஐஸ் ஹாக்கிதான் எல்லாம். நம்மூர் நேரத்துக்கு இரவு ஒரு மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தை அலாரம் வைத்து எழுந்து பார்க்கிறவன். அவன் அனுப்பிய கேள்வி இது:

"மாமா, 2018-19 பருவத்தில் நம்ம டாம்பா 82 ஆட்டத்தில் 62 ஜெயித்தது. ஆனால் பிளே-ஆஃப் முதல் சுற்றில், கடைசி இடத்தைப் பிடித்து உள்ளே வந்த கொலம்பஸிடம் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் 4-0 என்று வெளியே போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை. திமிரா, அதிர்ஷ்டமா, இல்லை யாராவது காசு வாங்கினார்களா? நீங்கள் கோல்கீப்பராக இருந்தவர், ஒன்பது வருடம் கனடாவில் இருந்து பார்த்தவர். உள்ளதைச் சொல்லுங்கள்."

மருமகனே,

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2000 ஏப்ரலில், நம் கிரிக்கெட் கேப்டன் ஹான்சி குரோனியே சூதாட்டக்காரர்களிடம் காசு வாங்கிய விவகாரம் வெடித்ததைப் பார்த்த தலைமுறை நாங்கள். நம்பவே முடியாத தோல்வி எதைக் கண்டாலும் எங்களுக்கு முதலில் அந்தச் சந்தேகம்தான் வரும். உன் அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் இந்தத் தொடரை நான் மூன்று தடவை முழுதாகப் பார்த்திருக்கிறேன். நடந்த ஒவ்வொன்றுக்கும் காரணம் அந்தப் பனித்தளத்திலேயே கண்ணுக்குத் தெரிகிறது. வெளியே தேட வேண்டியதில்லை.

உன் அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்றும் தெரியும். யானைக்கும் அடி சறுக்கும் என்றிருப்பாள். ஐஸ் ஹாக்கிக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இந்த இடத்தில் அந்தப் பழமொழி பிடிக்கவில்லை. அது யானையை மட்டும்தான் பார்க்கிறது. யானை சறுக்கியபோது எதிரில் நின்றவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்பதே இல்லை. உன் கேள்வியிலும் அதே குறை இருக்கிறது. டாம்பா ஏன் தோற்றது என்று கேட்கிறாய். கொலம்பஸ் எப்படி ஜெயித்தது என்று கேட்டிருந்தால் பாதி பதில் உனக்கே கிடைத்திருக்கும்.

முதலில் இரண்டு அணிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்தது என்று பார்ப்போம். டாம்பாவின் 62 வெற்றி, 1995-96-இல் டெட்ராய்ட் வைத்த சாதனைக்குச் சமம். புள்ளிகள் 128. நிகிதா குச்செரோவ் தனி ஆளாகவும், அடித்த கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து, அதே 128 புள்ளி எடுத்தார். ஓர் ஆள் கூடுதலாக ஆடும்போது கோல் அடிப்பதிலும், ஓர் ஆள் குறைவாக ஆடும்போது கோல் விடாமல் காப்பதிலும் என்.எச்.எல் என்ற அந்த வட அமெரிக்க லீக்கில் அவர்கள்தான் முதலிடம். கோல்கீப்பர் ஆந்த்ரெய் வாசிலெவ்ஸ்கிக்கு அந்த வருடம் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பை. எதிரே கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸ்: 98 புள்ளி. பருவம் முடிய ஒரு நாள் இருக்கும்போதுதான் பிளே-ஆஃப் இடமே உறுதியானது. 2000-இல் லீக்குக்குள் வந்ததிலிருந்து அவர்கள் ஒரு பிளே-ஆஃப் சுற்றைக்கூட ஜெயித்தது கிடையாது. அந்தப் பருவத்தில் இரண்டு அணியும் மூன்று தடவை மோதியதில் 8-2, 4-0, 5-1. மூன்றும் டாம்பாவுக்கு. கூட்டினால் 17-3.

இப்போது தொடரின் முதல் ஆட்டத்துக்கு வா, முதலில் நாலு ஆட்டம் ஜெயிப்பவருக்குத்தான் தொடர். 2019 ஏப்ரல் 10, டாம்பாவின் சொந்த அரங்கம். முதல் 20 நிமிடம் முடியும்போது 3-0. அதில் முதல் கோலை அலெக்ஸ் கில்லோர்ன் அடித்தபோது டாம்பா ஓர் ஆள் குறைவாக ஆடிக்கொண்டிருந்தது. பிறகு சிரெல்லி, பிறகு கோர்ட். அரங்கமே எழுந்து நின்று கத்துகிறது. பார்த்தவர்கள் எல்லாரும் தொடர் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாம் பகுதியில் கொலம்பஸ் கேப்டன் நிக் ஃபோலீனோ ஒரு கோல் அடித்தார். 3-1. பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அதற்கு முன்னாலிருந்தே ஒன்று மாறியிருந்தது. டாம்பாவின் தற்காப்பு ஆட்டக்காரர்கள் தங்கள் கோலுக்குப் பின்னால் போய் பக்கை, அதாவது ரப்பர் வட்டை, எடுத்துத் திரும்பும் அந்த ஒரு நொடியில் கொலம்பஸ்காரர்கள் மேலே வந்து விழுந்தார்கள். அடுத்து எங்கே அனுப்பலாம் என்று தலையைத் தூக்கிப் பார்க்க நேரம் கொடுக்கவில்லை. டாம்பாவின் அழகெல்லாம் அந்த முதல் பாஸில்தான் இருக்கிறது. பின்னாலிருந்து சுத்தமாக ஒரு பாஸ் வந்தால் குச்செரோவும் பாயிண்டும் ஸ்டாம்கோஸும் முழு வேகத்தில் நடுத்தளத்தைக் கடந்துவிடுவார்கள், அப்புறம் அவர்களைப் பிடிக்க முடியாது. அந்தப் பாஸ் வராவிட்டால் அவர்கள் மூன்று பேரும் நின்ற இடத்தில் கையேந்தி நிற்க வேண்டியதுதான். கொலம்பஸ் பயிற்சியாளர் ஜான் டார்டரெல்லாவுக்கு இது நன்றாகத் தெரியும். 2004-இல் இதே டாம்பாவுக்கு, லீக்கின் சாம்பியனுக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

மூன்றாம் பகுதிதான் நீ திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியது. முதலில் டேவிட் சவார்ட் அடித்தார். தற்காப்பு ஆட்டக்காரர், வருடத்துக்குச் சில கோல் மட்டும் அடிப்பவர். 3-2. அடுத்து கொலம்பஸ்காரர் ஒருவர் தண்டனை பெற்று வெளியே உட்கார, டாம்பாவுக்கு ஓர் ஆள் கூடுதல். லீக்கிலேயே சிறந்த பவர் பிளே. இந்த இரண்டு நிமிடத்தில் ஆட்டத்தை முடித்துவிடலாம். ஆனால் கோல் அடித்தது ஓர் ஆள் குறைவாக இருந்த கொலம்பஸ், ஜாஷ் ஆண்டர்சன். 3-3. இரண்டு நிமிடம் கழித்து தண்டனை டாம்பாவின் பக்கம் விழுந்தது. பவர் பிளேயில் பருவம் முழுவதும் லீக்கின் அடிமட்டத்தில் கிடந்த கொலம்பஸ் அதில் கோல் அடித்தது. செத் ஜோன்ஸ். 4-3. ஆட்டம் அப்படியே முடிந்தது.

தலைகீழாகிவிட்டது பார். டாம்பாவுக்கு எது பலமோ அங்கேதான் கோல் விழுந்தது. கொலம்பஸுக்கு எது பலவீனமோ அங்கேதான் அவர்கள் கோல் அடித்தார்கள். அந்தத் தொடர் முழுவதும் பவர் பிளே வாய்ப்பு பத்தில் ஐந்தைக் கொலம்பஸ் கோலாக்கியது.

அடுத்த மூன்று ஆட்டங்களை வேகமாகச் சொல்லிவிடலாம்: 5-1, 3-1, 7-3. கொலம்பஸ் மொத்தம் 19 கோல், டாம்பா 8. பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 4 கோல் அடித்த அணிக்கு இங்கே சராசரி 2. குச்செரோவ் இரண்டாம் ஆட்டத்தின் கடைசியில் ஆத்திரத்தில் ஒருவரை அரங்கத்தின் சுற்றுப் பலகையோடு மோதித் தள்ளி மூன்றாம் ஆட்டத்துக்குத் தடை வாங்கிக்கொண்டார். முக்கியத் தற்காப்பு ஆட்டக்காரர் விக்டர் ஹெட்மன் கடைசி இரண்டு ஆட்டமும் காயத்தால் ஆடவில்லை. ஏப்ரல் 16-ஆம் தேதி, ஆறே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

சரி, அதிர்ஷ்டம் எவ்வளவு? இதற்கு நான் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிர்ஷ்டமே இல்லை என்று சொல்பவர்களும் தவறு, எல்லாமே அதிர்ஷ்டம் என்பவர்களும் தவறு. ஐஸ் ஹாக்கியில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய 30 தடவை கோலை நோக்கி அடிக்கும். அதில் உள்ளே போவது சராசரியாக 3. கூடைப்பந்தில் இரண்டு பக்கமும் நூறு நூறு தடவை முயற்சி நடக்கும். நூறு தடவை சுண்டினால் நல்ல காசு எது என்று தெரிந்துவிடும். மூன்று கோலில் தெரியாது. பக் ஒருவருடைய ஸ்கேட்டில் பட்டுத் திசை மாறினால், கம்பத்தில் இரண்டு அங்குலம் உள்ளே பட்டால், நடுவர் ஒரு தண்டனையைக் கொடுத்தால் அல்லது கொடுக்காமல் விட்டால், ஆட்டத்தின் மூன்றில் ஒரு பங்கே அங்கே மாறிவிடுகிறது. 2002 சால்ட் லேக் ஒலிம்பிக்கின் காலிறுதியில் சுவீடனை பெலாரஸ் 4-3 என்று தோற்கடித்ததே, அந்தக் கடைசி கோல் எப்படி விழுந்தது தெரியுமா? விளாதிமிர் கோபாட் வெகுதூரத்திலிருந்து அடித்த பக், சுவீடன் கோல்கீப்பர் டாமி சாலோவின் தலைக்கவசத்தில் பட்டு எகிறி, அவருக்குப் பின்னால் விழுந்து உள்ளே போனது. அந்த மனிதரின் பெயரைச் சொன்னாலே இன்றும் சுவீடன்காரர்களுக்கு அந்த ஒரு பக்தான் ஞாபகம் வருகிறது. அவர் பிடித்த ஆயிரக்கணக்கான பக்குகள் வருவதில்லை. ஒரு கோல்கீப்பராக எனக்கு அது மிகவும் வலிக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. டாம்பா ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்க நூற்றுக்கு 65 வாய்ப்பு என்று வைத்துக்கொள். ஐஸ் ஹாக்கியில் இது மிகவும் அதிகம். அப்போதும்கூட ஏழு ஆட்டத் தொடரை இழக்க ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை நடக்கக்கூடியதை அதிசயம் என்று சொல்ல முடியாது. ஆனால் நான்கையும் வரிசையாகத் தோற்பதற்கு நூற்றுக்கு ஒன்றரைதான். ஆகவே தோல்வியை அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதலாம். 4-0 என்பதை எழுத முடியாது. அங்கே அணிகளுக்கு இடையிலேயே ஏதோ மாறியிருக்கிறது.

இதனால்தான் நம் நாட்டுக்காரர்களிடம் நான் எப்போதும் சொல்வேன், 2015 செப்டம்பர் 19-ஆம் தேதி பிரைட்டனில் ஜப்பான், நம் ரக்பி அணியான ஸ்பிரிங்பாக்ஸை 34-32 என்று ஜெயித்தது, தனி ஓர் ஆட்டமாக எடுத்துக்கொண்டால், கொலம்பஸின் எந்த ஒரு வெற்றியையும்விடப் பெரியது என்று. ரக்பியில் 80 நிமிடம் உடம்போடு உடம்பு மோதுகிறது, புள்ளி பல வழியில் சேர்கிறது, பலவீனம் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. ஜப்பான் அதற்கு முன் உலகக் கோப்பைகளில் ஒரே ஒரு ஆட்டம்தான் ஜெயித்திருந்தது, அதுவும் 1991-இல் ஜிம்பாப்வேயிடம். கடைசி நிமிடத்தில் பெனால்டி உதைத்துச் சமன் செய்திருக்கலாம். வேண்டாம் என்று, ஜெயிக்கவே ஸ்க்ரம் (இரு அணியும் கூட்டமாக முட்டித் தள்ளிப் பந்தை எடுப்பது) கேட்டார்கள். கார்ன் ஹெஸ்கெத் மூலையில் பாய்ந்து விழுந்து வெற்றிப் புள்ளியை எடுத்தார். அன்றைக்கு டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவே அமைதியாகிவிட்டது, பக்கத்து வீட்டில் யாரோ தொலைக்காட்சியை அணைக்கும் சத்தம்கூடக் கேட்டது.

இனி கோல்கீப்பர். இதைப் பற்றி மட்டும் என்னை நிறுத்தாதே.

நான் காத்த புல்தரை ஹாக்கி கோல் 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். ஐஸ் ஹாக்கி கோல் 1.83 மீட்டர் அகலம், 1.22 மீட்டர் உயரம். அவ்வளவு சின்னது. அதில் பாதியைக் கோல்கீப்பரும் அவருடைய கால்கவசமும் அடைத்துவிடும். எதிரே வருவது சுமார் 170 கிராம் எடையுள்ள ரப்பர் வட்டு. துள்ளக்கூடாது என்று உறையவைத்துக் கொண்டுவருவார்கள். நல்ல அடி மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அந்த வேகத்தில் வருவதைப் பார்த்துப் பிடிக்க நேரம் கிடையாது. அடிப்பவனின் தோளையும் மட்டையையும் பார்த்து, அது வருமுன் சரியான இடத்தில் இருந்தாக வேண்டும். இந்த விளையாட்டில் வேறு எந்த ஆளாலும் செய்ய முடியாததைக் கோல்கீப்பர் செய்ய முடியும்: தனி ஆளாக ஓர் அணியைத் தூக்கி நிறுத்த முடியும், அல்லது கீழே போட முடியும். அந்தத் தொடரில் கொலம்பஸின் செர்கெய் போப்ரோவ்ஸ்கி நூறு அடிக்கு 93 என்ற கணக்கில் தடுத்தார். வாசிலெவ்ஸ்கி 86-ஐக்கூட எட்டவில்லை. அந்த வருடத்தின் சிறந்த கோல்கீப்பர் அவர் என்பதை மறந்துவிடாதே. 30 அடிக்கு இது எவ்வளவு வித்தியாசம்? ஒருவர் இரண்டு கோல் விடுகிறார், இன்னொருவர் நாலு விடுகிறார்.

ஒரு சந்தோஷமான விஷயம் இங்கே சொல்லிவிடுகிறேன். பிளே-ஆஃபில் பெரிய அணிகளை அழவைத்த கோல்கீப்பர்களின் வரிசையில் நம் நாட்டில் பிறந்த ஒருவரும் உண்டு. ஓலாஃப் கோல்சிக், 1970-இல் ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்தவர். 1998-இல் வாஷிங்டன் கேபிடல்ஸை இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார், 2000-இல் வெசினா கோப்பையும் வாங்கினார். பனியே பார்க்காத ஊர் என்று நம்மைச் சொல்பவர்களிடம் அவர் பெயரைச் சொல்.

வலுவில்லாத அணியின் கோல்கீப்பராக நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எண்பதுகளின் தொடக்கம். நிறவெறி ஆட்சி நமக்குத் தனி மைதானம், தனி லீக் என்று பிரித்து வைத்திருந்த காலம். எங்கள் அணி அந்த வருடம் கடைசிக்கு ஒன்று மேலே இருந்தது. எதிரணி ஒரு ஆட்டமும் தோற்காமல் வந்தது. மழை பெய்து நனைந்த புல். எனக்குக் கோல்கீப்பர் கால்கவசம் வாங்க வழியில்லை, கிரிக்கெட் பேட் கட்டிக்கொண்டு நின்றேன். முதல் பத்து நிமிடத்தில் நாலு அடி வந்தது. ஒன்று கம்பத்தில் பட்டது, ஒன்றை நான் பார்க்கவேயில்லை, முழங்காலில் பட்டுத் திரும்பியது. எங்கள் கேப்டன் எங்களிடம் ஜெயிப்பதைப் பற்றிப் பேசவே இல்லை. "அடுத்த அஞ்சு நிமிஷம் கோல் விழக்கூடாது" என்றார். அது முடிந்ததும் மறுபடி அதையே சொன்னார். அப்படி அஞ்சு அஞ்சு நிமிடமாக இடைவேளை வரை வந்துவிட்டோம், 0-0.

இடைவேளைக்குப் பிறகுதான் நான் அதைப் பார்த்தேன். எதிரணிக்காரர்கள் ஆட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். பாஸ் கொடுக்க வேண்டிய இடத்தில் தானே அடித்தார்கள். அவர்களுடைய கேப்டன் தன் ஆட்களையே திட்டினார். எங்களுக்கு ஒரே ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது, அது உள்ளே போனது. மிச்சமிருந்த பன்னிரண்டு நிமிடம் என் வாழ்க்கையிலேயே நீளமான பன்னிரண்டு நிமிடம். 1-0. அடுத்த வாரம் வேறொரு அணியிடம் நாங்கள் 6-0 என்று தோற்றோம், அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் ஜெயித்ததால் நாங்கள் அவர்களைவிடச் சிறந்த அணி ஆகிவிடவில்லை. ஆனால் அந்த ஒரு நாள், அந்த 70 நிமிடம், நாங்கள் அவர்களைவிட நன்றாக ஆடினோம். ஜெயித்தது எங்களுடைய வேலை. அதை அவர்களுடைய சறுக்கல் என்று யாராவது சொன்னால் இன்றும் என் மனது ஏற்காது.

டாம்பாவின் முகத்தில் முதல் ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் நான் பார்த்தது அதே கடிகாரப் பார்வைதான். 3-2 ஆனதும் பாஸ்கள் அரை நொடி முன்னால் போகத் தொடங்கின. இதைத் திமிர் என்று சொல்லாதே, அது நியாயமில்லை. அவர்களுக்குப் பல மாதமாகக் கஷ்டமான ஆட்டமே இல்லை. பிளே-ஆஃப் இடம் எப்போதோ உறுதியாகிவிட்டது, முதலிடமும் அப்படியே. தோற்றாலும் பரவாயில்லை என்ற ஆட்டங்களை வாரக்கணக்கில் ஆடிவிட்டு, ஒரு புதன்கிழமை ராத்திரி திடீரென்று உயிரைக் கொடுத்து ஆடு என்றால் உடம்புக்கு அது உடனே வருவதில்லை. பயிற்சியாளர் ஜான் கூப்பரே தோல்விக்குப் பிறகு கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார்: அத்தனை புள்ளி எடுத்தது ஒரு வகையில் வரம், இன்னொரு வகையில் சாபம் என்று. கொலம்பஸோ கடைசி வாரங்கள் முழுக்க, தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற நிலையிலேயே ஆடிப் பழகி வந்திருந்தது. அவர்களுக்குப் பிளே-ஆஃப் ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

கொலம்பஸை ஒன்றுமில்லாத அணி என்று நினைப்பதும் தவறு. பிப்ரவரியில் அவர்களுடைய மேலாளர் யார்மோ கெகலாய்னன் பெரிய துணிச்சல் ஒன்று செய்தார். போப்ரோவ்ஸ்கிக்கும் ஆர்டெமி பனாரினுக்கும் அந்தக் கோடையோடு ஒப்பந்தம் முடிகிறது, விட்டுப் போய்விடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். இப்போதே விற்றுக் காசாக்கு என்றுதான் யாரும் சொல்வார்கள். அவர் விற்காமல், ஆட்டவாவிலிருந்து மேட் டுஷேனையும் ரயன் ட்ஸிங்கலையும் கூடவே வாங்கினார். ஒரே ஒரு வசந்தத்துக்காக எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தார். அந்தப் புதிய அணி ஒன்றோடொன்று பொருந்தவே சில வாரம் ஆயிற்று. புள்ளிப் பட்டியலில் இருந்த 98, ஏப்ரலில் பனித்தளத்தில் நின்ற அணியின் எடை இல்லை. அடுத்த சுற்றில் பாஸ்டனிடம் தோற்றார்கள், கோடையில் இந்த நாலு பேரும் போய்விட்டார்கள். இருந்தாலும் அந்த ஊர்க்காரர்களுக்கு அந்த நாலு ஆட்டம் இருக்கிறது.

உன் பெரியப்பா ஊர் அணிக்கும் இப்படி ஒன்று நடந்தது, அவரிடம் கேட்டுப் பார், முகம் வாடிவிடும். 2020 பிப்ரவரி 22, டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ், எதிரே கரோலினா ஹரிகேன்ஸ். கரோலினாவின் இரண்டு கோல்கீப்பர்களும் அந்த ஆட்டத்திலேயே காயப்பட்டார்கள். விதிப்படி அரங்கத்தில் தயாராக இருந்த அவசரகால கோல்கீப்பர் இறங்கினார். டேவிட் ஏய்ர்ஸ், வயது 42, பனித்தளத்தைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டுபவர், தாயிடமிருந்து சிறுநீரகம் பெற்று உயிர் பிழைத்தவர். முதல் இரண்டு அடியும் உள்ளே போனது. அதற்குப் பிறகு வந்த எட்டையும் தடுத்தார். கரோலினா 6-3. எல்லாரும் ஏய்ர்ஸின் கதையைத்தான் சொல்கிறார்கள், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த எண்ணைப் பார்: ஏறத்தாழ அரை மணி நேரத்தில் லீஃப்ஸ் அடித்தது மொத்தமே பத்து. அவருக்கு முன்னால் நின்ற ஐந்து பேரும் தங்கள் உடம்பைக் கொடுத்து மிச்சத்தை மறித்தார்கள். டாம்பாவுக்கு எதிராகக் கொலம்பஸ் செய்ததும் இதுதான்.

2023-இல் பாஸ்டன் புருயின்ஸ் கதையும் உனக்குத் தெரிந்திருக்கும். டாம்பாவின் 62-ஐத் தாண்டி 65 வெற்றி, 135 புள்ளி, இரண்டும் லீக் சாதனை. ஃபுளோரிடா பாந்தர்ஸுக்கு 92 புள்ளி. தொடரில் பாஸ்டன் 3-1 என்று முன்னிலை. ஏழாம் ஆட்டம், சொந்த அரங்கம், ஒரு நிமிடம் பாக்கி, 3-2. அங்கே பிராண்டன் மாண்டூர் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் கார்ட்டர் வெர்ஹேகி முடித்தார். ஃபுளோரிடாவின் கோலில் நின்றது யார்? அதே போப்ரோவ்ஸ்கி. தொடர் தொடங்கும்போது அவர் வெளியே உட்கார்ந்திருந்தார், நடுவில்தான் இறங்கினார். லீக் வரலாற்றின் மிகப் பெரிய பருவங்களில் இரண்டை முதல் சுற்றிலேயே முடித்துவைத்தது ஒரே மனிதர். இதை யோசிக்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. அவரைப் பற்றிப் பேசாமல் டாம்பாவையும் பாஸ்டனையும் பற்றி மட்டும் எப்படிப் பேசுவது?

இன்னொன்று. 2013-இல் சிகாகோ பிளாக்ஹாக்ஸ், பருவத்தின் முதலிடத்தையும் ஸ்டான்லி கோப்பையையும் ஒரே வருடத்தில் எடுத்தது. அதற்குப் பின் பத்து வருடத்துக்கும் மேல் எந்த அணிக்கும் அது வாய்க்கவில்லை. ஆக உன் டாம்பா தனியாக இல்லை.

தோற்ற பிறகு டாம்பா என்ன செய்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கூப்பரை நீக்கு, குச்செரோவை விற்றுவிடு, இந்த அணிக்கு நெஞ்சுரம் இல்லை என்றெல்லாம் சத்தம் இருந்தது. மேலாளர் ஜூலியன் பிரிஸ்புவா எதையும் உடைக்கவில்லை. பயிற்சியாளர் அப்படியே, கோல்கீப்பர் அப்படியே, நட்சத்திரங்கள் அப்படியே. கூடவே பேட் மரூன், பிளேக் கோல்மன், பார்க்லே குட்ரோ என்று முட்டி மோதி உழைக்கும் ஆட்களைச் சேர்த்தார். கொலம்பஸ் எப்படி ஜெயித்ததோ அதைப் பார்த்து, அதில் தங்களுக்கு எது இல்லையோ அதை வாங்கினார்கள். ஸ்பிரிங்பாக்ஸும் அப்படித்தான். பிரைட்டனில் தோற்ற அணியில் நம் டர்பன் ஷார்க்ஸின் டெண்டாய் மட்டாவரீரா முன்வரிசையில் இருந்தார். நாலு வருடம் கழித்து, 2019 அக்டோபரில் டோக்கியோ காலிறுதியில் அதே ஜப்பானை 26-3 என்று வென்றபோதும் அவர் முன்வரிசையில் இருந்தார். இரண்டு வாரத்தில் உலகக் கோப்பை.

டாம்பாவுக்கு அவ்வளவு நாள்கூட ஆகவில்லை. 2020 ஆகஸ்ட் 11, கோவிட் காலம், டொராண்டோவில் ஆள் இல்லாத அரங்கம், பிளே-ஆஃப் முதல் சுற்று முதல் ஆட்டம். எதிரே யார்? மறுபடி கொலம்பஸ். நம்மூரில் ஊரடங்கு, இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கியது. அறுபது நிமிடத்தில் 2-2. கூடுதல் நேரம் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இப்போது கொலம்பஸ் கோலில் யோனாஸ் கோர்பிசாலோ, 85 அடிகளைத் தடுத்தார், அது நவீன காலத்தின் லீக் சாதனை. ஒவ்வொரு தடுப்புக்கும் எனக்குப் போன வருடம் ஞாபகம் வந்தது, டாம்பா ஆட்களுக்கும் வந்திருக்கும். ஆனால் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பக்கைக் கோலுக்குப் பின்னால் எடுத்தார்கள், மேலே விழுந்தவர்களைத் தாங்கினார்கள், அடுத்த பாஸ், அதற்கு அடுத்த பாஸ். ஐந்தாம் கூடுதல் நேரத்தின் பத்தாவது நிமிடம் தாண்டி பிரேடன் பாயிண்ட் அடித்தார். 3-2. மொத்தம் 150 நிமிடம் 27 வினாடி ஆட்டம். இங்கே அதிகாலை மூன்று மணி தாண்டிவிட்டது, உன் அத்தை எழுந்து வந்து ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டாள். அந்தத் தொடரை 4-1 என்று முடித்து, செப்டம்பரில் கோப்பை, அடுத்த வருடமும் கோப்பை.

அந்த ஆட்டம் என்னிடம் முழுதாக இருக்கிறது. பார்த்து முடிக்க ஆறு மணி நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிடு, அம்மாவையும் அழைத்து வா. முதலில் 2019-இன் முதல் ஆட்டத்தின் மூன்றாம் பகுதியைப் போடுகிறேன். அதை நீ கொலம்பஸ் சட்டை போட்டவர்களை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதற்குப் பிறகு இதைப் பார்ப்போம்.